அம்மாவின் கடவுச்சீட்டு அப்படியே இருக்கட்டும்

ஹாரோ
29 நவம்பர் 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியைப் பட்டென்று வைத்துவிட்டு, “அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது” என்று தம்பியிடம் சொன்னாயாம். அவன் ஓர் எழுத்தும் குறையாமல் எனக்கு ஒப்பித்துவிட்டான். தொலைபேசியில் உன்னோடு வாதாட எனக்கு வராது. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் நீ மூச்சுவிட இடம் தருவதில்லை. ஆகவே எழுதுகிறேன். கோபம் ஒன்றுமில்லை. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியோடு யார் கோபிப்பார்கள்?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் என் டச்சுக் கடவுச்சீட்டை விட்டுக்கொடுத்துப் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். அம்மா விண்ணப்பிக்கமாட்டார். இதில் நீ கேட்டது மூன்று கேள்வி: ஏன் இப்போது, ஏன் நான், கடையை விற்றுவிட்டு நெதர்லாந்துக்கு உன்னிடமே வந்துவிட்டால் என்ன.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23ஆம் திகதி உனக்கு நினைவிருக்கும். லண்டனில் கொட்டோ கொட்டென்று மழை. நீ கேனரி வார்பில் வேலை முடித்து நனைந்துபோய் வந்தாய். அன்று மாலை உன் சித்தப்பா குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தார். “புள்ளடி போட்டுவிட்டேன் அண்ணை” என்றார். பென்சிலால் போட்டாராம், அழித்துவிடுவார்களோ என்று அவருக்குச் சந்தேகம். அப்போது அவரிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் இங்கே வதிவிட உரிமையோடு இருந்த அவருக்கு வாக்கு உண்டு. 12 ஆண்டு இங்கே வரி கட்டியிருந்த எனக்கு இல்லை. உனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த ஏறத்தாழ 30 இலட்சம் பேரில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ்காரர்களைத் தவிர எவருக்கும் இல்லை. எங்களை வைத்திருப்பதா விடுவதா என்று நடந்த வாக்கெடுப்பில் எங்களைத் தவிர எல்லோரும் வாக்களித்தார்கள்.

சித்தப்பா விலகவேண்டும் என்றுதான் போட்டார். அதற்காக இரண்டு கிழமை நான் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒன்று, அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நாங்கள் நான்கு பேரும் சிவப்புக் கடவுச்சீட்டைக் காட்டி, கப்பலில் வந்து இறங்கி, மறுகிழமை பள்ளிக்கூடத்தில் உங்களைச் சேர்த்தோம். அவரோ சித்தியை யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பதற்காக ஆண்டு வருமானம் 18,600 பவுண்ஸ் காட்டவேண்டும் என்ற சட்டத்தோடு மல்லுக்கட்டி, இரவில் ஓர் இடம், பகலில் ஓர் இடம் என்று வேலை செய்து கரைந்துபோனார். “ஐரோப்பாக்காரனுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது, நமக்கு மட்டும் பூட்டு. அதைப் பூட்டினால் இதைத் திறப்பார்கள்” என்பது அவர் கணக்கு. விலகினால் நம் நாட்டுச் சமையற்காரர்களை எடுக்கலாம், கறிக்கடைகள் பிழைக்கும் என்று அமைச்சர் பிரிட்டி பட்டேல் அப்போது ஊர் ஊராகச் சொன்னதை அவர் நம்பினார். அவர் மட்டுமா நம்பினார்? இப்போது மனைவியை அழைக்க 29,000 காட்டவேண்டும். இதைச் சொன்னால், “விலகியது சரி, விலகிய விதம்தான் பிழை” என்கிறார். பாதி இங்கிலாந்து அதைத்தான் சொல்கிறது.

விலகவேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கவேண்டும் என்றவர்கள் 48.1. மறுநாள் காலையில் கடைக் கதவைத் திறக்குமுன் ரொட்டர்டாமிலிருந்து மொத்த வியாபாரி கூப்பிட்டுவிட்டார். பவுண் 1985க்குப் பிறகு இவ்வளவு விழுந்ததில்லை என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. 1985 என்றதும் எனக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டுதான் நான் நெதர்லாந்தில் இறங்கினேன். தமிழர்களுக்கென்றே ஒரு திட்டம் வைத்திருந்தார்கள், அதற்குப் பெயரே படுக்கை, குளியல், பாண். சரியாக அந்த மூன்றுதான் கிடைத்தன. வேலை செய்ய அனுமதி இல்லை. சாளரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிதிவண்டிகளை எண்ணுவேன்.

கடைக்கு என்ன ஆனது என்பதை நீ முழுதாக அறியமாட்டாய், நான் உனக்குச் சொல்லவில்லை. வெங்காயம், சம்பல் போத்தல், உறைந்த மீன் எல்லாம் ஒரே வான் வண்டியில் செவ்வாய்க்கிழமைதோறும் வரும். ரொட்டர்டாமில் இரவு ஏற்றினால் விடியும்போது இங்கே. 2021 முதல் சுங்கத் தாள்கள் தொடங்கின. 2024 ஏப்ரல் 30இலிருந்து மீனுக்கு எல்லையில் சோதனையும் வந்தது, சரக்கு வகை ஒன்றுக்கு 29 பவுண்ஸ், ஒரு தடவைக்கு உச்சம் 145 என்று கட்டணமும் வந்தது. பெரிய கடைகளுக்கு அது ஒரு தூசு. எனக்கு ஒரு வானில் ஆறு வகை, வகைக்கு நான்கு பெட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மீனைவிடத் தாளுக்குத்தான் விலை. வான் நின்றுவிட்டது. இப்போது இங்குள்ள மொத்தக் கடையில் வாங்குகிறேன். அதே மீன், அதே பெட்டி, இன்னொருவரின் இலாபம் சேர்ந்த விலை. கடை ஓடுகிறது, முன்புபோல் ஓடவில்லை.

உன் வேலையும் அப்படித்தான் போனது. மருந்துகளை மதிப்பிடும் அந்த ஐரோப்பிய முகமை 2019 மார்ச்சில் 900 பேரோடு ஆம்ஸ்டர்டாமுக்குப் பெயர்ந்தபோது, நீயும் இரண்டு பெட்டியோடு பெயர்ந்தாய். 14 வயதில் “எனக்கு இங்கிலாந்து வேண்டாம்” என்று அழுத பிள்ளை, 29 வயதில் “எனக்கு நெதர்லாந்து வேண்டாம்” என்று அழுதாய். இப்போது அங்கேயே வீடு வாங்கிவிட்டாய். உனக்கு நல்லதுதான் நடந்தது. அதற்காக அந்த வாக்கெடுப்புக்கு நான் நன்றி சொல்லமாட்டேன்.

சரி, ஏன் இப்போது?

எங்கள் செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதுதான் இங்கே தொடர்ந்து வாழும் உரிமை, எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியுமா? 2019இல் ஓர் இரவு, சமையலறை மேசையில், தம்பி தன் ஆண்ட்ராய்டு கைபேசியை என் கடவுச்சீட்டின் மேல் வைத்து உள்ளிருக்கும் மின்னணுச் சில்லை வாசிக்கப் பார்க்கிறான். வாசிக்கவில்லை. மேலே இழுக்கிறான், கீழே இழுக்கிறான், அட்டையைக் கழற்றுகிறான். அம்மா பக்கத்தில் நின்று பிள்ளையாரை வேண்டுகிறார். பதினோராவது தடவை ஒரு சின்ன ஒலி. ஒரு கிழமையில் மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான், கையில் ஒன்றும் தரவில்லை. அட்டையில்லை, முத்திரையில்லை. என் உரிமை எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது. வீடு வாடகைக்கு எடுக்கவும் வேலைக்குச் சேரவும் ஒரு குறியீட்டைக் கொடுத்து, அங்கே போய்ப் பார் என்று சொல்லவேண்டும்.

அது விலகல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமை, எவரும் தொடமுடியாது என்றாய். உண்மைதான். ஆனால் கரீபியத் தீவுகளிலிருந்து விண்ட்ரஷ் என்ற கப்பலின் காலத்தில் வந்தவர்களுக்கும் உரிமை இருந்தது. அவர்களின் வருகை அட்டைகளை 2010இல் அரசே அழித்துவிட்டு, பிறகு நீ எப்போது வந்தாய் என்று அவர்களிடமே கேட்டது. கடந்த செப்டெம்பரில் ரிஃபோர்ம் கட்சித் தலைவர் நைஜல் பராஜ், தன் கட்சி ஆட்சிக்கு வந்தால் நிரந்தர வதிவிட உரிமை என்பதையே ஒழிப்போம் என்றார். அது எங்களுடைய வகை இல்லை என்று எனக்கும் தெரியும். அந்தச் செய்தி வந்த இரவு அம்மா எழுந்துபோய் அலுமாரியில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கோப்புக்குள் இருப்பது அந்த மின்னஞ்சலின் அச்சுப்பிரதி.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பாய். எனக்குப் புள்ளடி போடவேண்டும். நான் வாக்களித்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசெம்பரில் இலங்கையில் நடந்தது. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு ஆண்டு நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். எனக்கு 19 வயது. குடத்துக்குப் போட்டேன், யாழ்ப்பாணமே குடத்துக்குப் போட்டது, விளக்கு வென்றது. தோற்றாலும் போட்டேன் என்று சொல்ல ஒன்று இருந்தது. 2016இல் அதுவும் இல்லை. இங்கே 21 ஆண்டாகிறது, பாராளுமன்றத் தேர்தலில் இன்னும் எனக்கு வாக்கில்லை.

இனி, ஏன் நான்? டச்சுச் சட்டத்தின் குணம் உனக்குத் தெரியும். இன்னொரு குடியுரிமையை விரும்பி எடுத்தால் டச்சுக் குடியுரிமை தானாகப் போய்விடும். 18 வயதுக்குமுன் ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்தவன் என்பதால் தம்பி தப்பினான். உனக்கு ஒன்றரை ஆண்டு குறைந்துபோனது. அந்த ஒன்றரை ஆண்டும் நான் ரொட்டர்டாமில் ஒரு போனஸுக்காகக் காத்திருந்த காலம். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். ஆனால் கணவன் அல்லது மனைவியின் குடியுரிமையை எடுப்பவருக்கு விலக்கு உண்டு. ஆக, எங்கள் இருவரில் ஒருவர் முதலில் டச்சை இழந்து பிரித்தானியராகிவிட்டால், மற்றவர் பின்னால் எடுத்து இரண்டையும் வைத்திருக்கலாம். ஒருவர் இழந்தே ஆகவேண்டும், யார் என்பதுதான் கேள்வி.

உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. பிரித்தானியராகிவிட்டால் அங்கே 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். கடந்த மாதத்திலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் வேறு எடுக்கிறார்கள். உன் 16 கிழமை விடுப்பு முடிந்து நீ வேலைக்குப் போகும்போது பிள்ளையை வைத்திருக்கப் போவது நானா, அம்மாவா? டச்சுக் கடவுச்சீட்டு இருக்கும்வரை அம்மாவிடம் யாரும் நாள் கணக்குக் கேட்கமுடியாது. இங்கே அவருடைய உரிமையும், தொடர்ந்து ஐந்து ஆண்டு வெளியே இருந்தாலொழியப் போகாது. பிறகு ஆறுதலாக விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பிக்கும் முந்தைய 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது, பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கும் காலத்தில் அந்தக் கணக்கு அவருக்கு வேண்டாம். (தம்பியிடம் ஒன்று சொல்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே 13 ஆண்டு இருந்து, இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் அவனுடைய டச்சும் போய்விடும். அது அவனுடைய காலுறைப் பெட்டிக்குள் கிடக்கிறது.)

உன்னிடமே வந்துவிடச் சொல்கிறாய். அங்கே நிம்மதி என்கிறாய். 2023 நவம்பரில் அங்கே 150 ஆசனத்தில் 37ஐக் குடியேறிகளை எதிர்க்கும் வில்டர்ஸின் கட்சி எடுத்தபோது நீதான் இரவு ஒரு மணிக்கு எனக்குக் கூப்பிட்டாய். ஒவ்வொரு காற்றுக்கும் வீடு மாற இந்த முழங்காலால் முடியாது. கடை இருக்கிறது, சித்தப்பா இருக்கிறார், சண்டை பிடிக்க ஆள் வேண்டும்.

டச்சுக் குடியுரிமை 1993இல் எனக்குத் தபாலில் வந்தது. சத்தியம் கேட்கவில்லை, பாட்டு இல்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாண் வாங்கப் போனேன். அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மனம் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இங்கே மன்னருக்குச் சத்தியம் செய்யவேண்டும், 1,735 பவுண்ஸ் கட்டவேண்டும், அதற்குமுன் பரீட்சை. 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக வரவேண்டும். 65 வயதானால் பரீட்சை இல்லை, எனக்கு இன்னும் மூன்று ஆண்டு கிடக்கிறது. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் பெயரை வரிசையாகச் சொல்லிப் பழகுகிறேன். மூன்றாமவரில் எப்போதும் தடுக்கிவிடுகிறது. அம்மா வெங்காயம் வெட்டியபடியே, “ஜேன் சீமோர்” என்று எடுத்துக்கொடுக்கிறார்.

தை கடைசியில் இருவரும் ஹாரிச்சிலிருந்து கப்பலில் வருகிறோம், அதுவரை நானும் டச்சுக்காரன்தான். பத்தியச் சரக்கு வறுத்து இடித்தாயிற்று. நெய் அங்கேயே வாங்கி வை. 2021இல் ஹூக் வான் ஹாலந்தில் லொறிச் சாரதியின் பன்றியிறைச்சி சாண்ட்விச்சைக்கூடப் பறித்தார்கள் அல்லவா, இங்கிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர விடமாட்டார்கள். மீனுக்கு 20 கிலோ வரை தடையில்லையாம், கருவாடும் அதில் அடங்கும். இதைத் தேடிக் கண்டுபிடித்தவர் அம்மா. எவ்வளவு கொண்டுவரப் போகிறார் என்று என்னிடம் இன்னும் சொல்லவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் கீழ்த்தட்டைக் காலியாக்கி வை.

அன்புடன்,
அப்பா