போர்வெல் போடும் முன் எதிர்க் கட்டடத்தோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சித்திரை பிறந்ததும் உங்கள் கமிட்டிக் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "போர்ல தண்ணி இறங்கிடுச்சு, இன்னும் இருநூறு அடி போயிடலாமா?" பிளாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, கை தூக்கி, தீர்மானம் போட்டுவிடுவீர்கள். அப்புறம் ஒரு நாள் ராத்திரி போர் லாரி வந்து நிற்கும். அந்தத் தீர்மானத்துக்கு முன்பாக இந்த மடலைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன், திருவான்மியூரில் ஒரு பிளாட்டில் குடியிருக்கிறேன். உங்களில் யாரையும் பேராசைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. நல்லவர்களே கூடி எடுக்கும் நியாயமான முடிவு தெருவையே வறள வைப்பது எப்படி என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு கட்டடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் போர் 150 அடி. கீழே இருப்பது ஒரே தண்ணீர். ஒரு செயலாளர் உட்கார்ந்து யோசிக்கிறார். எதிர்க் கட்டடத்துக்காரர்கள் சும்மா இருந்தால், நாம் 350 அடி போனால் கோடை முழுக்கக் கவலையில்லை. அவர்கள் முந்திக்கொண்டு ஆழப்படுத்திவிட்டால், நம் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுக்கும், அப்போதும் நாம் ஆழப்படுத்தியே ஆகவேண்டும். அவர்கள் எதைச் செய்தாலும் நமக்கு லாபம் ஆழப்படுத்துவதில்தான். கணக்கு சரி. எதிரே இருக்கும் செயலாளரும் அதே கணக்கைப் போடுகிறார், அதுவும் சரி. கடைசியில் இரண்டு பேரும் லட்சக்கணக்கில் செலவழித்து, பெரிய மோட்டார் வாங்கி, கூடுதல் கரண்ட் பில் கட்டி, முன்பு எடுத்துக்கொண்டிருந்த அதே தண்ணீரை அதிக ஆழத்திலிருந்து இழுக்கிறார்கள். இருவருமே சும்மா இருந்திருந்தால் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தனியாகச் சும்மா இருக்க யாருக்கும் துணிவு வராது.

ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் இதற்குக் கைதியின் இக்கட்டு என்று பெயர். 1950இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் இருவரும் இதை ஓர் ஆட்டமாக வடிவமைத்தார்கள். தனித்தனி அறையில் விசாரிக்கப்படும் இரண்டு கைதிகள் என்ற கதையை அதற்குச் சேர்த்தவர் ஆல்பர்ட் டக்கர் என்ற கணித அறிஞர். ஆட்டத்தின் விதி அப்படியே இருக்கும்வரை, ஆடுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடிவு அப்படியேதான் வரும். லிஃப்ட் கதவில் "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்" என்று காகிதம் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். அந்தக் காகிதம் யாருடைய கணக்கையும் மாற்றுவதில்லை.

கட்டடத்துக்குள்ளேயும் இதே கதைதான். இருபது பிளாட், ஒரே சம்ப், தண்ணீர்ச் செலவு மெயின்டனன்ஸில் சமமாகப் பிரிகிறது. ஒரு வீட்டில் நூறு ரூபாய்த் தண்ணீர் வீணானால் அந்த வீட்டுக்கு விழுவது ஐந்து ரூபாய்தான், மீதித் தொண்ணூற்றைந்தை அக்கம்பக்கம் கட்டுகிறது. சிக்கனமாக இருப்பவருக்கும் அப்படியே: நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் கைக்கு வருவது ஐந்து. ஹோட்டலில் பத்துப் பேர் பில்லைச் சமமாகப் பிரிப்பது என்று முடிவானதும், இட்லியோடு எழுந்திருக்க நினைத்தவர்கூட நெய் ரோஸ்ட் சொல்வது போலத்தான் இது. ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனி மீட்டர் வைத்தால் இந்த ஆட்டம் முடிந்துவிடும். பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கே நான்கைந்து இடத்தில் குழாய் இறங்குவதால் செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் செலவையும் ஒரு கோடையின் லாரிச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சரி, தெருவுக்கு வருவோம். தெரு எனக்கு நம்பிக்கை தருகிறது. ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அரசியல் அறிவியலாளர் 1980 வாக்கில் ஒரு போட்டி வைத்தார். இதே இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களை நிபுணர்களிடம் கேட்டு வாங்கி மோதவிட்டார். ஜெயித்தது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய நிரல், வந்ததிலேயே மிகச் சிறியது. முதலில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி போன முறை என்ன செய்தாரோ அதையே திருப்பிச் செய்யும். முடிவை எல்லோருக்கும் சொல்லி இரண்டாம் முறை போட்டி வைத்தபோதும் அதுவே ஜெயித்தது. திரும்பத் திரும்பச் சந்திப்பவர்களுக்கு ஒத்துழைப்புதான் லாபம். எதிரெதிர்க் கட்டடங்களைவிட அதிகமாகச் சந்தித்துக்கொள்ளப்போகிறவர்கள் யார்?

ஆனால் அந்த உத்தி வேலை செய்ய ஒன்று வேண்டும்: போன முறை எதிராளி என்ன செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். நிலத்தடி நீரில் அதுதான் தெரிவதில்லை. எதிர்க் கட்டடம் நேற்று எவ்வளவு இழுத்தது என்று நமக்குத் தெரியாது, நாம் இழுத்தது அவர்களுக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. தெருவை வறள வைப்பது அந்தச் சந்தேகம்தான்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கமெல்லாம் மணல். கடல்நீர் கனமானது என்பதால் நன்னீர் அதன் மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்புநீர் 40 அடி ஏறும். அங்கே ஆழம் போவது என்பது உப்பை நோக்கிப் போவது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் பாறை, வெடிப்புகளில் இருக்கும் தண்ணீர்தான் கிடைக்கும், ஆழம் போனால் ஊற்று உண்டு என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கடலோர உப்புநீர்ப் பிரச்சினை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலும் வந்தது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965இல் தன் முனைவர் ஆய்வாக அதைத்தான் எழுதினார், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் ஆனார். அங்கேயும் நகராட்சி, தொழிற்சாலை என்று ஆளாளுக்குப் போட்டி போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சங்கம் வைத்தார்கள், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கணக்கைத் திரட்டினார்கள், எல்லோரும் விகிதப்படி குறைத்துக்கொள்ள ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தண்ணீர் உரிமையில் பெரும்பகுதியை வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது அமலுக்கு வரும், அதுவரை யாரையும் கட்டுப்படுத்தாது. இந்த ஒரு வரியை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். "நான் மட்டும் குறைத்துக்கொண்டு ஏமாளியாக நிற்பேனா" என்ற பயத்தை அது எடுத்துவிடுகிறது. கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்புறம் கண்காணிப்பாளர் ஒருவர் ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் எடுத்த அளவை அறிக்கையாக எல்லோருக்கும் அனுப்பினார்.

நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த வேலையும் இதுதான். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு, நிலக்காரர் தன் வயலுக்குத் தானே பாய்ச்சிக்கொள்ளக் கூடாது. அறுவடையில் எல்லோரும் அவருக்கு நெல் அளப்பார்கள். பல ஊர்களில் அவர் நிலமில்லாதவர், அதனால் எந்த வயல் பக்கமும் சாயவேண்டிய தேவை அவருக்கு இல்லை. சோழர் கால உத்திரமேரூர் ஊர்ச் சபையில் ஏரிக்கென்றே ஒரு வாரியம், அதாவது குழு, இருந்தது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி தேர்வாக முடியாது என்று பராந்தகன் காலக் கல்வெட்டு சொல்கிறது.

மழைநீர்ச் சேகரிப்பையும் சொல்லவேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்ட் மொட்டைமாடியில் அது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் லாரியில் சுமார் 26 லோடு. ஆனால் அந்த மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணற்றில் சேறும் இலையும் அடைத்துக் கிடக்கும், யாராவது ஒருவர் சொல்வார் என்று எல்லோரும் இருப்பார்கள். ஆண்ட்ரியாஸ் டீக்மன் என்ற சமூகவியலாளர் 1985இல் கணக்காகவே காட்டினார்: ஆட்கள் கூடக்கூட, ஒருவராவது முன்வரும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படையுங்கள், புரட்டாசிக்குள் தூர் வாரியாச்சா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

1987லிருந்தே சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறதே, அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வீர்கள். அரசு தன் வேலையைச் செய்யத்தான் வேண்டும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தபோது இந்த ஊர் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் தெருவின் எல்லா போருக்கும் ஓர் அதிகாரி காவல் நிற்க முடியாது. உங்களால் முடியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் தெருவில் உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒருவரை நியமியுங்கள், தெருவில் சொந்த வீடு இல்லாதவராக இருந்தால் நல்லது. மாதம் ஒரு நாள், ராத்திரி மோட்டாரை நிறுத்திவைத்து, விடிகாலையில் ஒவ்வொரு போரிலும் கிணற்றிலும் அவர் நீர்மட்டம் எடுக்கட்டும். கூடவே டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்க்கட்டும், அதற்கான கைக்கருவி சில நூறு ரூபாய்தான். போர் குழாயில் ஒரு மீட்டர் வைத்து, எடுத்த அளவையும் குறிக்கட்டும். எல்லா எண்ணும் எல்லாக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒரே தாளில் வரவேண்டும். அப்புறம் ஒப்பந்தம்: தெருவில் ஐந்தில் நான்கு கட்டடங்கள் கையெழுத்திட்டால், அன்று முதல் யாரும் ஆழப்படுத்துவதில்லை, கோடையில் எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்கிறோம். மீறினால் முதல் முறை நேரில் போய்ப் பேசுவது, அடுத்த முறை சிறு அபராதம், அதன் பிறகு பெரியது. எடுத்த எடுப்பில் பெரிய தண்டனை வைக்காதீர்கள், மோட்டார் ரிப்பேரான வீட்டுக்கும் வேண்டுமென்றே மீறிய வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஐப்பசிக்கு முன் முதல் அளவை எடுத்துவிட்டால், மழை எவ்வளவு ஏற்றியது என்பது தை மாதம் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒப்பந்த வரைவு எழுதித் தரவும், உங்கள் பொதுக்குழுவில் வந்து விளக்கவும் நான் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எந்தப் பேட்டைக்கும் வருகிறேன்.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து ஒரு பொருளியல் ஆசிரியர்