விழுந்தவன் மேல தப்பில்லை

அன்புள்ள மாப்ள,

மூணு வாரமா பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோ. பரீட்சை இருந்துச்சு. ஆனா அது முடிஞ்சும் அஞ்சு நாள் ஆச்சு, அதனால அதைச் சாக்காச் சொல்லமாட்டேன். வீட்டுல எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. பாண்டி மறுபடியும் பைக்கை வித்துட்டானாம், வாங்கினது யாருன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ செஞ்சு அனுப்பின கேமை நேத்து ராத்திரி ஆடிப் பார்த்தேன். அந்தக் கிணத்தடி, வாழைத்தோப்பு, கொடியில காயுற சேலை, எல்லாம் அவ்வளவு அழகு. வரையறதுல நீ எப்பவுமே கில்லாடி. ஆனா உன் கடிதத்துல ஒரு வரி என்னைத் தூங்க விடல. "மூணு தடவை சொதப்புச்சு, மூணையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிச்சேன்"னு எழுதியிருக்க. ஏன்டா அழிச்ச? அந்த மூணுலதான்டா நீ கத்துக்கிட்டது எல்லாம் இருந்துச்சு. கோபத்துல சொல்லல. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல உன் புகாருக்கு வர்றேன். கிணத்துத் திட்டு மேல ஏற உன் லேப்டாப்ல முடியுது, குமரன் லேப்டாப்ல முடியல, ஆனா அவன் லேப்டாப்ல ஆள் ரெண்டு மடங்கு வேகமா ஓடுறான்னு எழுதியிருந்த. பேய் பிசாசு ஒண்ணும் இல்ல. அவன் லேப்டாப் நொடிக்கு 30 ஃப்ரேம்தான் (திரையில மாறி மாறி வர்ற படம்) ஓட்டுது, உன்னுது 60. ஆளை நகர்த்துற நிரலை, அதான் கோடு, அதை ஃபிசிக்ஸ் பிராசஸ்ங்கிற ஃபங்ஷன்ல எழுதாம, சும்மா பிராசஸ்ங்கிற ஃபங்ஷன்ல எழுதி வச்சிருக்க. நீ கேம் செய்யுற கோடோ மென்பொருள்ல ஃபிசிக்ஸ் பிராசஸ் நொடிக்கு 60 தடவைன்னு நிலையா ஓடும், மத்தது மெஷினுக்கு மெஷின் மாறும்.

கணக்கைப் பாரு. உன் ஜம்ப் உயரம் 64 பிக்சல், உச்சிக்குப் போக 0.4 நொடி. உயரத்தை ரெண்டால பெருக்கி நேரத்தோட வர்க்கத்தால வகுத்தா ஈர்ப்பு 800. நேரத்தால மட்டும் வகுத்தா ஆரம்ப வேகம் 320. ரெண்டும் சரியாத்தான் போட்டிருக்க. ஆனா கம்ப்யூட்டர் அதை வழவழன்னு வளைவாப் போடாது, ஒரு ஃப்ரேமுக்கு ஒரு படின்னு படிப்படியாப் போடும். ஒவ்வொரு படியிலயும் முதல்ல வேகத்தைக் குறைச்சு, அப்புறம் ஆளை நகர்த்துறோம். அதனால 60 ஃப்ரேம்ல உண்மையில ஏறுறது 61.3 பிக்சல்தான். 30 ஃப்ரேம்ல 58.7. உன் கிணத்துத் திட்டு 60. அவ்வளவுதான் விஷயம். ஜம்ப்பை 72க்கு வை: ஈர்ப்பு 900, வேகம் 360. படிக்கணக்குல 69 வரும், திட்டுக்கு மேல தாராளமா 9 பிக்சல் மிஞ்சும். கோடோல கீழே போகப் போகத்தான் ஒய் கூடும், அதனால 360க்கு முன்னாடி மைனஸ் போட மறந்துடாத.

இப்ப ஓட்டம். உன் கோடுல ஓடுற வேகம்னு 7200 போட்டிருக்க. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. வேகத்தை டெல்டாவால, அதாவது ஒரு ஃப்ரேமுக்கு ஆகுற நேரத்தால, பெருக்கியிருக்க. ஆளை நகர்த்துற மூவ் அண்ட் ஸ்லைடு ஃபங்ஷன் தானே உள்ளுக்குள்ள ஒரு தடவை டெல்டாவால பெருக்கிக்கும். ரெண்டு தடவை பெருக்கினதும் ஆள் எறும்பா ஊர்ந்திருப்பான். நீ எண்ணை ஏத்திக்கிட்டே போய் 7200ல நிறுத்தியிருக்க. 60 ஃப்ரேம்ல அது 120, குமரன்கிட்ட 240. ஈர்ப்பை டெல்டாவால பெருக்குறது சரி, அது வேகத்தோட மாற்றம். ஓடுற வேகத்தைப் பெருக்கக் கூடாது. 120ன்னு போட்டுட்டுப் பெருக்கலை எடுத்துடு.

7200 எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்கே இப்ப ஞாபகம் இருக்காது, பந்தயம் கட்டுறேன். அந்த எண்ணை ஏத்தின நாளோட கோப்பு இருந்திருந்தா, 120 போட்டப்ப என்ன ஆச்சு, 1000 போட்டப்ப என்ன ஆச்சுன்னு வரிசையாத் தெரிஞ்சிருக்கும். பெருக்கல் ரெண்டு தடவை நடக்குதுன்னு நீயே கண்டுபிடிச்சிருப்ப. தப்பு போகலடா, அதோட தடயம்தான் போச்சு.

உண்டிவில் கல்லு சுவரைத் தாண்டிப் போறதும் இதே படிக்கணக்குதான். கல்லோட வேகம் 1500, அதாவது ஒரு படிக்கு 25 பிக்சல். அதை நேரா பொசிஷன்ல கூட்டி நகர்த்துற. சுவர் 16, கல் 4, ரெண்டும் சேர்ந்து 20. கல் ஒரு படியில சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து, அடுத்த படியில அந்தப் பக்கம் போய் நிக்கும், நடுவுல தொடவே தொடாது. கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு கல் இப்படித் தப்பிக்கும். "எப்பவாவதுதான் ஆகுது"ன்னு நீ விட்டது இதைத்தான். ஒவ்வொரு படிக்கும் பழைய இடத்துலருந்து புது இடத்துக்கு ஒரு ரேகாஸ்ட் (நடுவுல ஏதாவது இருக்கான்னு பார்க்குற கண்ணுக்குத் தெரியாத கோடு) விட்டுப் பாரு, போதும்.

இதெல்லாம் கணக்குத் தப்பு, திருத்திடலாம். இதைவிடப் பெருசு, வாழைத்தோப்பு பள்ளத்துல எல்லாரும் விழுறாங்கன்னு நீ அலுத்துக்கிட்டது. "சரியா ஆடத் தெரியல அவங்களுக்கு"ன்னு எழுதியிருந்த. அப்படிச் சொல்லாதடா. ஓரத்துல நின்னு ஜம்ப் பட்டனை அமுக்கினேன்னு ஆடுறவன் சத்தியம் பண்ணுவான், அவன் கண்ணுக்கு அது உண்மை. உன் கோடு மட்டும் ரெண்டு ஃப்ரேம் முன்னாடியே காலடியில தரை இல்லன்னு முடிவு பண்ணிடுச்சு. தரையை விட்டப்புறமும் 0.1 நொடி, அதாவது 6 படி, ஜம்ப் பண்ண அனுமதி குடு. கயோட்டி டைம்னு சொல்வாங்க. 120 வேகத்துல அது வெறும் 12 பிக்சல், யார் கண்ணுலயும் படாது. 2018ல வந்த செலஸ்ட் கேம்லயும் இதே 0.1 நொடிதான். எவ்வளவோ கஷ்டமான கேம், ஆனா ஆடுறவனுக்கு அநியாயமாத் தோணாது. அதுல இன்னொண்ணும் உண்டு: மேல ஏறுறப்ப தலை மூலையில 4 பிக்சல் வரைக்கும் இடிச்சா, ஆளைப் பக்கவாட்டுல லேசாத் தள்ளிவிட்டு மேல போக விடும்.

அதே மாதிரி, தரையைத் தொடுறதுக்கு 5 படி முன்னாடி பட்டனை அமுக்கினா அதைத் தூக்கிப் போடாம ஞாபகம் வச்சுக்கிட்டு, தொட்டதும் ஜம்ப் குடு. ஒரு எச்சரிக்கை: ஜம்ப் பண்ணின உடனே கயோட்டி கணக்கைச் சுழியமாக்கணும். மறந்தா, ஏறி 0.1 நொடிக்குள்ள இன்னொரு ஜம்ப் கிடைக்கும். வேகமாத் தட்டுறவனுக்கு மட்டும் வரும், நீ நிதானமா ஆடிப் பார்த்தா சிக்கவே சிக்காது.

அடுத்து இதைச் செய். அந்த லெவலை ஒரு பேப்பர்ல அச்செடு. அஞ்சு பேரை உக்கார வை, பின்னால நில்லு, வாயைத் திறக்காத. (உன்னால முடியுமான்னு தெரியல, தமிழ் ஐயா வகுப்புலயே முடியல.) அவங்க சாகுற இடத்துலெல்லாம் சிவப்புப் பேனாவால ஒரு புள்ளி வை. ஓரத்தைத் தாண்டினதும் நேர் கீழே புள்ளி குவிஞ்சா, கயோட்டி பத்தல. எதிர் சுவத்துல விளிம்புக்குக் கீழே குவிஞ்சா, பள்ளம் அகலம், இல்ல ஜம்ப் குட்டை. பள்ளத்தைத் தாண்டி இறங்குற இடத்து முள்ளுல குவிஞ்சா, முள்ளு முன்கூட்டித் தெரியல, கேமராவை ஓடுற பக்கம் ரெண்டு மூணு கட்டம் முன்னாடி தள்ளு. புள்ளி அங்கங்க சிதறிக் கிடந்தா மட்டும்தான் அது உண்மையான கஷ்டம், அதை அப்படியே விடு. அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடாத, தேதி போட்டு வை.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எண்ணைத்தான் மாத்தணும். ஈர்ப்பையும் பள்ளத்தோட அகலத்தையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு சாமிக்கும் தெரியாது. ஆடுபுலி ஆட்டத்துல பழகிப் பாரு, கோடே வேண்டாம். 3 புலி, 15 ஆடு. கட்டம் அதே, விதி அதே, ஆட்டை மட்டும் 12 ஆக்கி பத்து ஆட்டம் ஆடு. புலிக்காரன் சோம்பேறி ஆகுறதையும், ஆட்டுக்காரன் முதல் காயை வைக்கவே யோசிக்கிறதையும் கண்ணாலயே பார்ப்ப. உங்க தாத்தா இருக்கார்ல, அவரை எதிர்ல உக்கார வை.

தப்பை எல்லாம் உடனே திருத்தணும்னும் இல்ல மாப்ள. 1978ல டோமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ங்கிற கேமைச் செஞ்சப்ப, மெஷினுக்கு அவ்வளவு சக்தி இல்ல. 55 வேற்றுக்கிரக ஆளுங்க, ஆனா ஒரு ஃப்ரேமுக்கு ஒருத்தரைத்தான் நகர்த்த முடிஞ்சுது. எல்லாரும் இருக்கிறப்ப ஒரு சுத்து முடிய ஒரு நொடிக்குக் கிட்ட ஆகும். சுடச் சுட ஆள் குறையும், சுத்து சீக்கிரம் முடியும், மிச்சம் இருக்கிறவங்க வேகமாகிக்கிட்டே வருவாங்க. கடைசி ஒருத்தன் ஒவ்வொரு ஃப்ரேமும் நகருவான். யாரும் திட்டம் போடல. அவர் அதைப் பார்த்தார், ஆடுறவனுக்கு நெஞ்சு படபடக்குது, அப்படியே விட்டுட்டார். "சொதப்புச்சு"ன்னு அன்னைக்கே அவர் அழிச்சிருந்தா? இதை நினைச்சாலே எனக்குப் பதறுது.

அதனால இன்னைக்கே ஒரு நோட்டு போடு. தேதி, என்ன நடக்கும்னு நினைச்ச, என்ன நடந்துச்சு, எந்த எண்ணை மாத்தின. என்ன நடந்துச்சுங்கிறதை, கோடைத் திருத்துறதுக்கு முன்னாடியே எழுதிடு, திருத்தினப்புறம் எழுதினா மனசு பூசி மெழுகிடும். கோப்பை நகல் எடுத்து எண் போட்டு வை, கிட் (ஒவ்வொரு மாற்றத்தையும் சேத்து வைக்கிற மென்பொருள்) தெரிஞ்சா இன்னும் நல்லது.

ரீசைக்கிள் பின்னைப் பாரு, அந்த மூணுல ஏதாவது இன்னும் கிடக்கலாம். இருந்தா எதையும் தொடாம அப்படியே ஜிப் பண்ணி அனுப்பு. பொங்கலுக்கு வர்றப்ப குமரன் லேப்டாப்பையும் கொண்டு வரச் சொல்லு, அந்த 30 ஃப்ரேம் நமக்கு வேணும். சிவப்புப் பேனா நான் வாங்கிட்டு வர்றேன்.

அன்புடன்,
முரு