எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை நெருங்குவதால், பிள்ளைகளின் கைபேசிப் பயன்பாடு குறித்துப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் இதை எழுதுகிறோம். கைபேசியைத் திடீரெனப் பிடுங்கி வைப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும்; இந்த வயதில் அது கோபத்தையும் ஒளித்துப் பார்க்கும் பழக்கத்தையுமே வளர்க்கும். எதற்காக, எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, கூகுள் ஃபேமிலி லிங்க் செயலியில் அந்த நேர வரம்பை அவர்கள் கண்முன்னேயே அமைத்தால், வேவு பார்க்கிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வராது.

எங்களுக்குப் பெரிதும் கவலை தருவது இரவுத் தூக்கம்தான். போர்வைக்குள் திரை ஒளிரும்போது ஒரு ரீல்ஸ் முடியுமுன்பே விரல் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது; ஆகவே சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்திற்கு மாற்றிவிடுங்கள். பெற்றோரின் கைபேசியும் இரவில் அங்கேயே இருக்கட்டும், இல்லையேல் பிள்ளைகள் இதை ஏற்க மாட்டார்கள். காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் போதும். இரவு 8 மணிக்கு மேல் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொண்டுள்ளோம்.

உணவு, விளையாட்டு, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுப் பிள்ளை ஒதுங்கினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம்.