லைசென்ஸ் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்: டெல்டா டிராக்டர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சொந்தமாக டிராக்டர் வைத்து உழவு ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், என்னைப் போலக் கணவருக்குப் பிறகு நிலத்தோடு வண்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

எனக்குக் குடவாசல் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு டிராக்டர், ஒரு ரொட்டவேட்டர், ஒரு டிரெய்லர். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் போனபிறகு என் முந்தானை முடிச்சுக்கு வந்தது. அந்தச் சாவியை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக்கூடாது என்பதை நான் சரியாகத் தெரிந்துகொள்ளாததால் ஒரு மனிதர் காலை இழந்தார், நான் மூன்று மா நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரை, இழந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆறு வருஷத்துக்கு முன்பு தை மாதம். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரம். வழக்கமாக ஓட்டும் பெரியவருக்குக் காய்ச்சல். மழை வரும்போல் இருந்தது. நெல் நனைந்தால் ஈரப்பதம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். பத்தொன்பது வயது. வரப்பில் ஒரு கட்டி உதிராமல் வண்டியைத் திருப்புவான், அவ்வளவு கை நயம். "லைசென்ஸ் இருக்காப்பா?" என்று கேட்டேன். "இருக்கு பெரியம்மா" என்று பர்ஸைத் தட்டிக் காட்டினான். அதை வாங்கி நான் பார்க்கவில்லை.

டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வயலுக்குள் மூலையில் திரும்புவதற்காக இரண்டையும் இணைக்கும் கொக்கியை எடுத்துவிடுவோம். ஒரு பக்கச் சக்கரம் நிற்க, மறுபக்கம் சுழன்று வண்டி சட்டென்று திரும்பும். ரோட்டுக்கு ஏறும்போது கொக்கியை மறுபடி மாட்டிவிட வேண்டும். அன்று அவன் மாட்டவில்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இருட்டும் நேரத்தில் வாய்க்கால் வளைவில் திரும்பியபோது எதிரே சைக்கிள். பதறி மிதித்த கால் வலது பெடலில் மட்டும் விழுந்தது. வண்டி வலதுபக்கம் இழுத்துக்கொண்டு போய், பால் ஊற்றிவிட்டுக் கேனோடு திரும்பிக்கொண்டிருந்தவர் மேல் ஏறியது.

பையனிடம் லைசென்ஸ் இருந்தது உண்மைதான். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான லைசென்ஸ். அந்த அட்டையின் பின்பக்கம் எந்தெந்த வண்டி வகைக்கு அனுமதி என்று எழுதியிருக்கும். அவன் அட்டையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. டிராக்டரைப் பொறுத்தவரை அவன் லைசென்ஸ் இல்லாதவன்.

இந்த ஒரு வரியைத்தான் நம்மில் நிறையப் பேர் பார்ப்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொது இடத்தில் ஒரு வண்டியை ஓட்டுபவரிடம் அந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கும், காலாவதியாகாத உரிமம் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்து 5ஆம் பிரிவு நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறது: தகுதி இல்லாதவரை வண்டி ஓட்ட விடக்கூடாது என்ற பொறுப்பு உரிமையாளருடையது. "எனக்குத் தெரியாதுங்க, இருக்குன்னு சொன்னான்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு முறை வாங்கிப் பார்த்திருக்கலாமே என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

"நம்ம வயலுக்குள்ள ஓட்டுறதுக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்று கேட்பீர்கள். சட்டம் பேசுவது பொது இடத்தைப் பற்றி, அதாவது பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள இடத்தைப் பற்றி. நம் வரப்புக்குள் அது வராது. ஆனால் நம் டெல்டாவில் எந்த வயலும் வீட்டு வாசலிலிருந்து தொடங்குவதில்லையே. வெண்ணாற்றுக் கரையிலோ குடமுருட்டிக் கரையிலோ ஏறி, மதகைத் தாண்டி, தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த்தான் அடுத்த வயலுக்கு இறங்க வேண்டும். டிராக்டர் முன் சக்கரம் மதகைத் தாண்டிய கணமே சட்டம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நடவுக்குப் போகும் பெண்களும் வருகிறார்கள்.

இழப்பீட்டு வழக்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "இன்சூரன்ஸ் கட்டியிருக்கோமே, கம்பெனி பார்த்துக்கும்" என்று நானும் தைரியமாக இருந்தேன். வழக்கு தொடங்கியதுமே அவர்கள் கேட்ட முதல் காகிதம் ஓட்டியவரின் லைசென்ஸ் நகல். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதால் காப்பீட்டு நிறுவனத்தை முதலில் கட்டச் சொன்னது. கட்டிய தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. உரிய லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில் நீதிமன்றங்கள் இப்படி உத்தரவிடுவது வழக்கம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முறையை விரிவாக வகுத்திருக்கிறது. அந்த மனிதருக்குப் பணம் கிடைத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் வட்டியோடு சேர்த்து ஒன்பது லட்சத்துச் சொச்சத்துக்கு எனக்கு நோட்டீஸ் வந்தபோது, மாமனார் காலத்திலிருந்து இருந்த மூன்று மா நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி, நம் பையன்களுக்கு லைசென்ஸ் எடுக்கச் சட்டம் என்ன கேட்கிறது என்பதைப் பார்ப்போம். உண்மையில் அது அவ்வளவு பெரிய மலை இல்லை.

டிராக்டருக்கென்று தனியாக ஏதோ கஷ்டமான லைசென்ஸ் வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் 2ஆம் பிரிவில் இலகுரக மோட்டார் வாகனம் என்ற விளக்கத்துக்குள்ளேயே, வெற்று எடை 7,500 கிலோவுக்கு மிகாத டிராக்டரும் வருகிறது. நாம் உழவுக்கு வைத்திருக்கும் வண்டியெல்லாம் அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே கார் ஓட்டக் கொடுக்கும் எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் டிராக்டரும் ஓட்டலாம். டிரெய்லர் மாட்டியதாலேயே டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாரத்தோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனங்களையும், அதாவது வாடகைக்கு ஆளோ சரக்கோ ஏற்றும் வண்டிகளையும், எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. குட்டியானை ஓட்டும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். 16 வயதில் எடுக்கும் லைசென்ஸ் ஒன்று சட்டத்தில் இருக்கிறது, அது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். வீட்டில் நிற்கும் எக்ஸெல் 100 கூட அதற்குள் வராது. பிளஸ் ஒன் படிக்கும் பையன் உழவு ஓட்டுகிறான் என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்களை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். 2019இல் சேர்த்த 199ஏ பிரிவைப் படித்துக் காட்டினால் அந்தப் பெருமை இருக்காது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. சம்பாதிக்க வேண்டிய வயதில் ஸ்டியரிங்கைத் தொட முடியாமல் உட்கார்ந்திருப்பான்.

படிப்புத் தகுதி எதுவும் வேண்டாம். எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்ற பழைய விதி போக்குவரத்து வாகனங்களுக்கு இருந்தது, அதையும் 2019இல் எடுத்துவிட்டார்கள். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உடல்நலம் பற்றி நாமே எழுதிக்கொடுக்கும் படிவம் 1. நாற்பதைத் தாண்டியவர் என்றால் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ. முதலில் எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம். அது ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக்காட்டும் தேர்வுக்குப் போக முடியும். மத்திய விதிப்படி கட்டணம் பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டுத் தேர்வுக்கு 300, அட்டை வழங்க 200. சேவைக் கட்டணம் கொஞ்சம் தனி. டிரைவிங் ஸ்கூல் வைத்தால் அதற்குச் செலவு கூடும். ஆனால் அரசாங்கத்துக்குக் கட்டுவது, ஒரு மணி நேரம் ரொட்டவேட்டர் ஓட்டி நாம் வாங்கும் வாடகையைவிடக் குறைவு.

எல்.எல்.ஆர். காலத்தில் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். டிராக்டரில் அப்படி இன்னொரு இருக்கை ஏது? மட்கார்டில் உட்கார்ந்தால் அது ஆபத்து. அதனால் ரோட்டுப் பழக்கத்தைக் காரில் பழகச் சொல்லுங்கள்.

நான் அப்படித்தான் பழகினேன். வழக்கு முடிந்த வருஷம், 46 வயதில், டாக்டர் சான்றிதழோடு போய் நின்றேன். ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொன்னபோது கை நடுங்கியது. அதைவிட என்னை உலுக்கியது எழுத்துத் தேர்வுக்குப் படித்த குறியீடுகள். முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை, வட்டத்துக்குள் இருந்தால் உத்தரவு. விபத்து நடந்த வாய்க்கால் வளைவில் துருப்பிடித்து ஒரு முக்கோணப் பலகை எத்தனையோ வருஷமாக நிற்கிறது. அது என்ன சொல்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

லைசென்ஸ் எடுத்துவிட்டால் விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. காரில் தேர்வு கொடுத்தவனுக்கு டிராக்டரின் இரட்டைப் பெடல் பற்றி யாரும் சொல்லித்தரப் போவதில்லை. அது நம் வேலை. ரோட்டுக்கு ஏறுமுன் கொக்கியை மாட்டு, டிரெய்லர் பின்னால் சிவப்பு ஒளிர்ப்பட்டை ஒட்டு, நடவு ஆட்களை டிரெய்லரில் ஏற்றாதே என்று வண்டி வைத்திருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ரோட்டு விதி படித்து, ஒருவர் முன்னால் ஓட்டிக் காட்டியவன் வளைவில் வேகத்தைக் குறைப்பான் என்று நான் நம்புகிறேன். நம் பையன்களின் திறமை எல்லாம் சேற்றில் பழகியது. எதிரே ஆள் வரும் ரோட்டை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

நமக்குள் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கிளை வாய்க்காலுக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓடும். ஒரு டிரைவர் தூங்கப் போனால் இன்னொருவர் ஏற வேண்டும். அந்த நெருக்கடியில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த யாரையும் ஏற்றிவிடுகிறோம். அப்போது போய் லைசென்ஸைப் பற்றிப் பேசினால் யார் காதிலும் ஏறாது.

ஆகவே சித்திரையில் பேசுங்கள். தாளடி அறுவடையும் முடிந்து, உளுந்தும் எடுத்தாகி, வயல் வெடித்துக் கிடக்கும் மாதம் அது. டிரைவர்களுக்கும் வேலை இருக்காது. சித்திரை முதல் வாரத்தில் எல்.எல்.ஆர். போட்டால் 30 நாள் கழித்து வைகாசியில் தேர்வு. எல்லாம் சரியாக அமைந்தால் குறுவைத் தண்ணீர் வரும்போது அட்டை கையில் இருக்கும். 18 வயதில் எடுப்பவனுக்கு அந்த அட்டை 40 வயது வரை செல்லும். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உழவுக் கூலியில் பிடிக்காதீர்கள்.

வயதான டிரைவர்களின் அட்டையையும் பாருங்கள். என்றைக்கோ காலாவதியான லைசென்ஸோடு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். முடிந்து ஓராண்டுக்குள் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதைத் தாண்டினால் மறுபடியும் தேர்வு.

டிராக்டர் உரிமையாளர் சங்கம் இருக்கும் ஊர்களில், மணிக்கு எவ்வளவு வாடகை என்று முடிவுசெய்யக் கூடுவீர்கள் இல்லையா, அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தன் டிரைவரின் லைசென்ஸ் அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள். மேசையில் போடுங்கள். திருப்பிப் பாருங்கள். எல்.எம்.வி. என்ற வரி இல்லாத அட்டைகளைத் தனியாக எடுத்து, அந்தப் பையன்களை எந்தத் தேதியில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அழைத்துப்போவது என்று அன்றைக்கே குறித்துவிடுங்கள். திருவாரூர் மாவட்டத்தில் எந்த ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் நான் வந்து என் வழக்குக் காகிதங்களைக் காட்டுகிறேன். படிக்க விரும்புகிறவர்கள் படித்துப் பார்க்கட்டும்.

அன்று வண்டி ஓட்டிய பையன் இப்போது எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்துவிட்டான். என் டிராக்டரை மறுபடி அவன்தான் ஓட்டுகிறான். தினமும் காலையில் சாவி வாங்க வரும்போது, நான் கேட்காமலே அட்டையை எடுத்துத் திண்ணையில் வைக்கிறான்.

இப்படிக்கு,
குடவாசல் வட்டத்திலிருந்து ஒரு டிராக்டர் உரிமையாளர்