அம்மா, அது உன் ராசி இல்ல

அம்மா,

தம்பி போன் பண்ணி சொன்னான், அப்பாவோட மாத்திரைய நிறுத்திட்டியாம். அட்டைய அரிசி டப்பாக்குள்ள சொருகி வச்சிருக்க, அப்பா கையில புதுசா ஒரு தாயத்து. போன்ல பேசினா நீ அழுவ, நான் கத்துவேன், அதனாலதான் எழுதறேன். நாலு பேரு பாக்கற எடத்துல ஏன்டி எழுதறன்னு கேப்ப. நம்ம வேலூர் பக்கத்துல எத்தன வீட்டுல மிலிட்டரிக்காரங்க இருக்காங்க, உன்ன மாதிரி வாய மூடிட்டு காலம் தள்ளற அம்மாங்களும் இருக்காங்க, அவங்களும் படிக்கட்டும். அப்பாகிட்ட கேட்டுட்டுதான் போடறேன். "பேரு போடாத, யூனிட் போடாத"ன்னாரு, அவ்ளோதான்.

உன்கிட்ட சொல்லாம அப்பாவ மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதுக்கு மன்னிச்சுக்கோ. ஆனா சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா, சாமியாடி வீட்டுக்கு வேணா போலாம், டாக்டர் வீட்டு வாசல்ல யாராவது பாத்துட்டா என்ன பண்றதுன்னு நின்னிருப்ப. மன்னிப்பும் கேக்கறேன், திரும்பவும் இதேதான் பண்ணுவேன்.

அந்த ராத்திரி உனக்கு மறக்கல, எனக்குத் தெரியும். எதிர்வீட்டு மாமாவுக்கு நெஞ்சு வலி, அந்த அத்த ஓடி வந்து நம்ம கதவ தட்டுது. கரண்டு இல்ல. அப்பா என்ன தூக்கி அரிசி மூட்டைக்கும் செவுத்துக்கும் நடுவுல சொருகிட்டு என் வாய பொத்தினாரு. அவரு கையில வெங்காய வாசம், அன்னிக்கு அவருதான் சமையலுக்கு அரிஞ்சு குடுத்தாரு. சாக்கு என் கன்னத்துல ஒரசுது, எனக்கு மூச்சு முட்டுது. நீ கதவுகிட்ட போகப் பாத்த, அவரு உன் கைய புடிச்சு இழுத்ததுல வளையல் ஒடஞ்சு உனக்கு ரத்தம். வெளிய அத்த "கதவ தொறங்க, கதவ தொறங்க"ன்னு அழுவுது. உள்ள அப்பா என் காதுகிட்ட சொன்னது இதுதான்: "சத்தம் போடாத. ஆர்மி வந்திருக்கு."

ஆர்மியில இருந்தவரு, ஆர்மி வந்திருக்குன்னு பயந்தாரு. அப்ப எனக்கு எதுவும் புரியல. காலைல நீ அத்தகிட்ட போயி காய்ச்சல், மாத்திரை போட்டு தூங்கிட்டோம், கேக்கலன்னு சொன்ன. மாமா பொழச்சுட்டாரு, ஆனா அந்த அத்த இன்னிக்கு வரைக்கும் நம்ம வாசப்படி மிதிக்கல. பொய்ய நீ சொன்ன, அத சொமந்தது நாங்க ரெண்டு பேரும், ஸ்கூல்ல, தெருவுல, எல்லா எடத்துலயும். அப்பறம் கேன்டீன் ரம்மு. ஊரே அவர குடிகாரன்னு சொன்னப்பவும் நீ மறுக்கல, பைத்தியம்னு சொல்றதுக்கு இது தேவலன்னு விட்டுட்ட. தூங்கறதுக்காகத்தான் அந்த மனுஷன் குடிச்சாருன்னு உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?

டாக்டர் ரூம்ல நடந்தத சொல்றேன், இதுக்காகத்தான் எழுதவே ஒக்காந்தேன். எப்பலருந்து தூக்கம் இல்லன்னு கேட்டாரு. அப்பா யோசிக்கவே இல்ல, "88லருந்து சார்"னாரு. யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு கேட்டதுக்கு "சொன்னா மெடிக்கல் கேட்டகிரி எறங்கிடும், ப்ரமோஷன் போயிடும்"னாரு. 88 அம்மா. உன் கல்யாணம் 91ல. நல்லா இருந்த புள்ள இவ கால் வச்ச நேரம் இப்படி ஆயிட்டான்னு ஆயா சாகற வரைக்கும் சொல்லுச்சே, நீயும் அத நம்பி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம பட்டினி கெடந்தியே, அது உன் ராசி இல்லம்மா. உன்ன பாக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அந்த மனுஷன் தூக்கத்த தொலச்சிருக்காரு. அவரு இத உன்கிட்ட சொல்லியிருக்கணும். ஆயா பேசினப்பல்லாம் பக்கத்துலதான ஒக்காந்திருந்தாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல.

இந்திய ராணுவத்துல அமைதிப்படைன்னு இலங்கைக்குப் போயி அங்க அவருக்கு என்ன வேலன்னு கேட்டாரு டாக்டர். துப்பாக்கி எல்லாருக்கும் இருந்துச்சு, தமிழ் எனக்குத்தான் இருந்துச்சுன்னாரு. வீடு வீடா தேடும்போது ஆபீசருக்கு பாஷ தெரியாது, அதனால அப்பாவதான் முன்னாடி நிறுத்துவாங்களாம். "அம்மா கதவ தொறங்க, பயப்படாதீங்க"ன்னு இவரு கூப்பிடணும். "என் தமிழ நம்பித்தான் சார் தொறந்தாங்க"ன்னு சொல்லிட்டு அப்பறம் ரொம்ப நேரம் பேசல.

மீதிய நான் இங்க எழுத மாட்டேன். இத யாழ்ப்பாணத்துல பொறந்தவங்களும் படிப்பாங்க. 1987 அக்டோபர் 21, தீபாவளி அன்னிக்கு, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள அமைதிப்படை சுட்டு டாக்டர், நர்ஸ், நோயாளின்னு செத்தாங்களே, அவங்க வீட்டு ஆளுங்களே படிக்கலாம். அவங்க இழப்புக்குப் பக்கத்துல எங்க வீட்டுக் கதைய வச்சு எட போட வரல. அப்பாவ மன்னிங்கன்னும் கேக்கல. மன்னிக்கறதும் மன்னிக்காததும் அவங்க இஷ்டம், எனக்கு அதுல பேச உரிம இல்ல.

ஆனா அனுப்பி வச்சவங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. 1987 ஜூலையில இலங்கையோட ஒப்பந்தம் போட்டு அனுப்பினாங்க, அக்டோபர்ல அது புலிகளோட சண்டையா மாறிடுச்சு, இந்திய சிப்பாய்ங்க மட்டும் 1,100 பேருக்கு மேல செத்தாங்க. 1990 மார்ச்ல கடைசி கப்பல் மெட்ராஸ் வந்தப்ப முதலமைச்சரா இருந்த கலைஞர் வரவேற்கப் போகல. அது சரியா தப்பான்னு பேசினா சண்டதான் வரும், நான் பேசல. திரும்பி வந்தவங்கள ஒக்கார வச்சு தூக்கம் வருதாப்பான்னு ஒருத்தராவது கேட்டாங்களா, என் கேள்வி அது மட்டும்தான். ஜூலை 26 வந்தா கார்கில் நாளுன்னு ஸ்கூல்ல முன்னாள் ராணுவத்தினர மேடையேத்தி சால்வ போடறாங்க, நல்லதுதான், அன்னிக்கெல்லாம் அப்பா வீட்டுப் பின்பக்கம் போயி ஒக்காந்துப்பாரு.

இந்த வியாதிக்கு பிடிஎஸ்டின்னு பேரு, பயங்கரமான ஒன்ன அனுபவிச்சவங்களுக்கு அப்பறமா வர மனநோய். வியட்நாம் சண்டைக்குப் போயிட்டு வந்தவங்கள பாத்து பாத்து 1980லயே அமெரிக்காவுல மனநோய் பட்டியல்ல சேத்துட்டாங்க, அப்பா யாழ்ப்பாணம் போறதுக்கு 7 வருஷம் முன்னாடி. 2001ல பென்ஷன்ல வந்தப்ப மெடிக்கல் போர்டு பேப்பர்ல ஷேப் 1ன்னு, அதாவது உடம்பும் மனசும் முழுசா நல்லா இருக்குன்னு, போட்டு அனுப்பியிருக்காங்க, அதுல எஸ்ங்கற மொத எழுத்தே மனசு நல்லா இருக்குன்றதுக்குத்தான். சேரும்போது பதிவாகாத வியாதி பின்னாடி வந்து அதனால ஒருத்தர வெளிய அனுப்பினா, அது சர்வீஸால வந்ததாத்தான் எடுத்துக்கணும்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. அப்பாவுக்கு அது அப்படியே ஒத்து வராது, ஏன்னா பேப்பர்ல அவருக்கு ஒன்னுமே இல்ல. அவரும் மறச்சாரு, நீயும் மறச்ச. காசு வரலன்னு சொல்லலம்மா. வியாதின்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதியிருந்தா அவர குடிகாரன்னு திட்டிட்டே நாங்க வளந்திருக்க மாட்டோம்.

இப்ப மாத்திரைக்கு வரேன். அது தூக்க மாத்திர இல்ல, செர்ட்ராலின்னு பேரு, வேல செய்யவே சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒன்னும் தெரியலன்னு நீயா நிறுத்தக் கூடாது, சில வாரம் சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்தினா தலசுத்தலும் படபடப்பும் வரலாம், அதப் பாத்துட்டு மாத்திரதான் ஆவலன்னு நீ இன்னும் பயப்படுவ. இன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணி எப்படி மறுபடி ஆரம்பிக்கறதுன்னு கேட்டு தம்பிகிட்ட சொல்றேன். மாத்திர மட்டும் போதாது, அந்த நெனப்ப ஒரு ஆளு பக்கத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா பேச வைக்கணும், அதுக்கும் ஆளு இருக்காங்க. தாயத்து இருக்கட்டும், நான் அவுக்கச் சொல்லல. இத படிக்கற மத்த அம்மாங்களுக்கு, வெளிய போக கூச்சமா இருந்தா கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன் 14416க்கு போன் பண்ணுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல.

டாக்டர் உன்னையும் வரச் சொன்னாரு. இத்தன வருஷம் அவரு முழிச்சிருந்தப்பல்லாம் நீயும்தான முழிச்சிருந்த, உனக்கு எப்படி இருக்குன்னு கேக்கணுமாம். செவ்வாக்கெழம காலைல நான் வரேன். பீரோவுல இருக்கற டிஸ்சார்ஜ் புக்கையும் மிலிட்டரி பென்ஷன்காரங்களுக்கான வைத்தியத் திட்டத்தோட இசிஎச்எஸ் கார்டையும் எடுத்து வை, இனிமே பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கியே காட்டலாம். அங்க நம்ம ஊர்க்காரங்க யாராவது இருப்பாங்க, என்னாச்சுன்னு கேப்பாங்க. காய்ச்சல்னு சொல்லாத.