அந்த நாற்றம் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்த அன்றே, "அழுகிய முட்டை நாற்றம்" என்று பக்கத்து வீட்டம்மா முகம் சுளித்தார். இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. மெர்காப்டான் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலந்து அனுப்புகிறார்கள். 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற வாயு தரைக்கடியில் கசிந்து தேங்கியதை யாரும் அறியவில்லை. ஒரு பொறி பட்டது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்டனர். அதன் பிறகே அங்கே வாசனை கலப்பது சட்டமாயிற்று.

சுரண்டினால் அந்த நாற்றம் வரும் அட்டைகளை அமெரிக்காவில் வீடுகளுக்குத் தருவதுண்டு. இங்கும் ரசீதோடு ஒன்று தரலாமே. சிலிண்டர் வாயு தரையில் தங்கும், இதுவோ கூரைப்பக்கம் ஏறும் என்பதையும் அதிலேயே அச்சிடட்டும்.

– ஒரு வாசகி, சென்னை