துசாவிக்கில் கை வைக்காதீர்கள்

கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் வட பிரிவு நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஆர்க்டிக்கில் எனக்கு உறவுக்காரர்கள் யாரும் இல்லை. ஆனால் உங்கள் வானொலி என் வரிப்பணத்திலும் ஓடுகிறது. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: மேற்கு ஆர்க்டிக்கின் இனுயிட் பழங்குடியினர் பேசும் இனுவியாலுக்துன் மொழியில் வரும் உங்கள் 'துசாவிக்' வானொலி நிகழ்ச்சியில் கை வைக்காதீர்கள்.

அதை ஒரு காலத்தில் நடத்திய ரோஸ்மேரி குப்தானாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1954-ல் பிறந்தவர். கனடிய ஆர்க்டிக்கில் உள்ள பேங்க்ஸ் தீவின் ஒரே ஊரான சாக்ஸ் ஹார்பர்தான் அவர் ஊர். அங்கே இருப்பவர்கள் நூறு பேர் அளவில்தான். வீட்டில் பேசியது இனுவியாலுக்துன். சின்ன வயதிலேயே இனுவிக் ஊரின் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே தாய்மொழி பேசத் தடை.

அப்புறம் 1979-ல் உங்கள் வானொலியில் சேர்ந்தார். எந்த மொழியைப் பேசக் கூடாது என்று வாயை அடைத்தார்களோ, அதே மொழியில் பேசச் சம்பளம்! அவர் நடத்திய நிகழ்ச்சிகளில் ஒன்று 'துசாவிக்'. 'துசா' என்றால் கேட்பது, 'விக்' என்றால் இடம். கேட்கும் இடம். இந்தப் பெயரை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மூன்று ஆண்டு வானொலி அவரை எங்கே கொண்டுபோனது, பாருங்கள். 1983-ல் இனுயிட் ஒலிபரப்புக் கழகத்தின் தலைவர் ஆனார். தெற்குக் கனடாவிலிருந்து வரும் தொலைக்காட்சியை அவர் நியூட்ரான் குண்டு என்றார்: அந்தக் குண்டு கட்டடத்தை விட்டுவிட்டு ஆளைக் கொல்லும், இந்தத் தொலைக்காட்சி ஒரு இனத்தின் உயிரை எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் நடமாட விடும். மிகைப்பேச்சு என்று நினைப்பவர்கள் இக்லூலிக் என்ற இனுயிட் ஊரைப் பார்க்கட்டும். தங்கள் மொழியில் எதுவும் வராது என்பதால் அந்த ஊர் தொலைக்காட்சியே வேண்டாம் என்று இரண்டு முறை வாக்களித்தது. 1991-ல் குப்தானா கனடா முழுவதுக்குமான இனுயிட் அமைப்பின் தலைவரும் ஆனார்.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். பணம் இறுகும்போதெல்லாம் 'எல்லாம் இனுயிட் மொழிதானே, கிழக்கே நூனவுட்டின் தலைநகர் இகலுயிட்டில் தயாராகும் நிகழ்ச்சியையே மேற்கேயும் போட்டால் என்ன' என்ற யோசனை யாருக்காவது வரும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நூனவுட்டில் பேசும் இனுக்டிடுட் வேறு, இனுவியாலுக்துன் வேறு. இனுவியாலுக்துன் பேசுபவர்கள் இன்று சில நூறு பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் வயதானவர்கள். கைபேசியில் பிறகு கேட்டுக்கொள்ளட்டும் என்றும் சொல்லாதீர்கள். பிள்ளை அடுப்படியில் நிற்கும்போது பாட்டியின் ரேடியோவில் தானாகக் காதில் விழ வேண்டிய மொழி அது.

குப்தானா உட்கார்ந்த இடத்தில் உட்கார அந்த ஊர்களிலிருந்தே ஒரு இளம்பெண்ணை இப்போதே தேடுங்கள். பக்கத்தில் மொழி தெரிந்த ஒரு பாட்டியையும் உட்கார வையுங்கள். இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு நேயர்